ரசீது புத்தகத்தோடு ஒரு சுற்று

பிப்ரவரி 17, திங்கள் – சிதம்பரம்

பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்டுவதும் பழைய மாணவர்களோடு தொடர்பு வைத்திருப்பதும் என் வேலை. திருச்சிப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். பெயரைச் சொல்லவில்லை; போகப் போகக் கொஞ்சம் குறை சொல்ல வேண்டியிருக்கும். பெண்கள் விடுதிக்குப் புதுக் கட்டடம் என்று நிர்வாகம் முடிவெடுத்து ஒரு வருடம் ஆகிறது. கடிதம் போனது, மின்னஞ்சல் போனது, வாட்ஸ்அப்பில் பூங்கொத்துப் படத்தோடு வேண்டுகோளும் போனது. வந்து சேர்ந்த பணத்தில் அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டலாம். அதைத் திரும்ப மூடவும் கொஞ்சம் மிஞ்சும். "நேர்லயே போய்ப் பார்த்துட்டு வாங்கம்மா" என்றார் துணைவேந்தர். பட்டியலையும் ரசீது புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தஞ்சாவூர் தாண்டும் வரை மாசிப் பனி விலகவில்லை. நான் நீட்டிய 500 ரூபாய்த் தாளைப் பார்த்த நடத்துநர், பாக்கியை டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். "எறங்கறப்ப ஞாபகப்படுத்துங்க" என்றார். நான் ஞாபகப்படுத்தவே இல்லை. மயிலாடுதுறை வந்ததும் அவரே எழுந்து வந்து, எண்ணிக் கையில் வைத்துவிட்டுப் போனார். நன்கொடை கொடுத்தவருக்கு ரசீது அனுப்ப எங்கள் நிதிப் பிரிவு எடுத்துக்கொள்ளும் காலத்தை நினைத்தால் அந்த நடத்துநரைப் பணிக்கு எடுத்துவிடலாம் போலிருந்தது. நடுவில் கும்பகோணத்தில் பித்தளை டபராவில் காபி, 25 ரூபாய். ஊர்ப் பெயரை வைத்தே விலை போடுகிறார்கள். காபி பரவாயில்லை ரகம்.

சிதம்பரம் கீழ வீதியில் முதல் வீடு. நாங்கள் கல்லூரியாக மட்டும் இருந்த காலத்தில், 1971-இல், பி.எஸ்சி. முடித்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மோர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு கட்டுக் கவர்களை எடுத்து வந்தார். எல்லாம் நாங்கள் அனுப்பிய கடிதங்கள். எல்லாமே அவருடைய தம்பி பெயருக்கு. தம்பியும் எங்களிடம் படித்தவர்தான்.

"அவன் போயி ஆறு வருஷம் ஆவுது. தெவசத்தை நாங்க மறந்தாலும் மறப்போம், ஒங்க கடுதாசி தவறாம வந்துடும்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் மனைவி சிரிக்கவில்லை. "காசு கேக்கறதுக்கு முன்னாடி ஆளு இருக்காரான்னு ஒரு போன் போட்டுக் கேக்கக் கூடாதாம்மா?" என்றார். கடைசிக் கடிதத்தின் முதல் வரி, தங்கள் வளர்ச்சியைக் கண்டு பெருமை கொள்கிறோம் என்பது. ரசீது புத்தகத்தை நான் பையிலிருந்து எடுக்கவில்லை.

பட்டியலின் லட்சணம் எனக்குத் தெரியாததல்ல. பல கைப்பேசி எண்களில் ஒன்பது இலக்கம்தான் இருக்கும். பெண்கள் எல்லோரும் அப்பாவின் இனிஷியலோடு, அப்பா வீட்டு முகவரியில் இருப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்டு எழுதவில்லை. 17 வயதில் சேர்க்கை விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த விலாசத்தை வைத்துக்கொண்டு 50 வயதுக்காரரைத் தேடுகிறோம். அதே பட்டியலை வைத்துத்தான் பளபளப்பான தாளில் கையேடு அச்சடிக்கப் பணம் ஒதுக்குகிறார்கள்.

லாட்ஜ் அறை 900 ரூபாய். வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை, வாளியில். கொசுவுக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது.

பிப்ரவரி 18, செவ்வாய் – சிதம்பரத்திலிருந்து காரைக்குடி

காலையில் இட்லிக்குக் கத்தரிக்காய்க் கொத்சு. சட்னி, சாம்பார் இரண்டும் ஓரமாக வந்தன, தொடவே இல்லை. இரண்டு இட்லி, ஒரு வடை, 45 ரூபாய். இந்த ஊரில் கொத்சு கேட்டால் மூன்றாவது முறையும் முகம் சுளிக்காமல் ஊற்றுகிறார்கள்.

ரயில் பாதையைத் தாண்டி அண்ணாமலை நகர் வரை நடந்தேன். நிதி திரட்டும் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வளாகத்தைப் பார்த்தால் பொறாமைதான் வரும். அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பின்னர் தன் கல்வி நிலையங்களோடு 20 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1929-இல் அது பல்கலைக்கழகமாயிற்று. ஒரே ஆள், ஒரே கையெழுத்து. கையேடு இல்லை, பூங்கொத்துப் படம் இல்லை. அந்தக் காலத்து 20 லட்சத்தை இன்றைய மதிப்பில் மனக்கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டேன். ஆனால் ஒரு குடும்பத்தின் மடியிலேயே இவ்வளவு பெரிய நிறுவனம் என்றென்றும் உட்கார முடியவில்லை. 2013-இல் அரசு எடுத்துக்கொண்டது.

வளாகத்துக்கு வெளியே டீக்கடையில் 12 ரூபாய்க்கு டீ. பழைய மாணவர்கள் வருவார்களா என்று கேட்டேன். "வராம? குடும்பத்தோட கார்ல வருவாங்க. மொதல்ல ஆஸ்டலுக்குத்தான் போவாங்க, தங்கியிருந்த ரூமு முன்னாடி நின்னு போட்டோ எடுப்பாங்க. அப்புறம் இங்க வந்து டீ குடிப்பாங்க. ஆபீசுக்கு ஒருத்தரும் போயி நான் பார்த்ததில்ல" என்றார் கடைக்காரர். எங்கள் கையேட்டின் அட்டையில் இருப்பது நிர்வாகக் கட்டடத்தின் படம்.

தஞ்சாவூரில் பேருந்து மாறி, கந்தர்வகோட்டை தாண்டி ஆதனக்கோட்டை அருகே டயர் பஞ்சர். ஸ்டெப்னியும் சரியில்லை. மதியம் இரண்டு மணி வெயில், மர நிழல் கொஞ்சமாகத்தான் இருந்தது. நல்ல வேளையாக அது முந்திரி வறுக்கும் ஊர். சாலையோரம் பெண்கள் தணலில் கொட்டையைச் சுட்டு, உடைத்து, பருப்பைக் கூறு போட்டு விற்கிறார்கள். கைவிரல் எல்லாம் கருப்பு. 100 ரூபாய்க்கு வாங்கினேன். விற்ற அம்மாள் தன் பிளாஸ்டிக் முக்காலியையும் கொடுத்து, "வண்டி வர்ற வரைக்கும் ஒக்காருங்க தாயி" என்றார். பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பையன் என்ன வேலை என்று விசாரித்தான். சொன்னேன். "எங்க காலேஜ்லயும் பாஸ் பண்ணிப் போறப்பவே அலும்னி ஃபீஸ்னு ஒண்ணு புடிச்சுக்கிட்டாங்கக்கா. எதுக்குன்னு கேட்டா மெம்பர்ஷிப்பாம்" என்றான். படிப்பு முடியும் நாளில் கட்டாயமாகப் பணம் வாங்கிவிட்டு, பிறகு பாசத்தை எதிர்பார்க்கிறோம். நாங்களும் அப்படித்தான் பிடிக்கிறோம் என்று அவனிடம் சொல்லத் தோன்றவில்லை.

காரைக்குடி போய்ச் சேர இருட்டிவிட்டது.

பிப்ரவரி 19, புதன் – காரைக்குடி

"எங்க ஊர்ல எந்தப் பக்கம் திரும்புனாலும் அழகப்பர்தான்" என்றார் ஆட்டோக்காரர். மிகை இல்லை. 1947-இல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டுக் கூட்டம். அப்போதைய சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார், செல்வந்தர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று மேடையில் பேசினார். கூட்டத்தில் இருந்த அழகப்பச் செட்டியார் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் தொடங்குகிறேன் என்றார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊருக்கு வரக் காரணமும் அவர் கொடுத்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும்தான். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அழகப்பர் 1957-இல் இறந்தபோது 48 வயதுகூட நிறையவில்லை. அவர் பெயரில் பல்கலைக்கழகம் வந்தது 1985-இல்.

ஆட்டோ 150 கேட்டு 120-க்கு இறங்கி வந்தார். போன இடம் ஓர் ஆச்சியின் வீடு. எங்களிடம் 1978-இல் தமிழ் எம்.ஏ. முடித்தவர். இருப்பது பெரிய வீட்டின் பின்கட்டில். முகப்பும் வளவும் பங்காளிகளுக்குப் பொது, பாதி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. பேச்சைத் தொடங்கும் முன்பே வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் வந்தன. இரண்டு சாப்பிட்டதும் போதும் என்றேன். "இன்னொரு ரெண்டு வைக்கட்டுமா என்று நான் கேக்கவே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே இரண்டு வைத்தார்.

பரிசு ஒன்று ஏற்படுத்த வேண்டும், ஆனால் முதல் மதிப்பெண்ணுக்குக் கிடையாது. "மொத மார்க்கு வாங்குறவளுக்கு ஊரே குடுக்கும். நாலஞ்சு அரியர் வச்சு, அழுது, மறுபடி எழுதி எல்லாத்தையும் முடிச்சு வெளிய வர்றா பாருங்க ஒருத்தி, அவளுக்குக் குடுங்க." ஆச்சிக்கு யாப்பிலக்கணத்தில் ஒரு தாள் போய்த் திரும்ப எழுதிய கதை இருக்கிறது, அதை அரை மணி நேரம் சொன்னார். எங்கள் விதிப் புத்தகத்தில் இப்படி ஒரு பரிசுக்கு இடமே இல்லை. இடம் உண்டாக்குவதாகச் சொல்லியிருக்கிறேன்.

2 லட்சம் வைப்பு, 7 சதவீதம் வட்டி, ஆண்டுக்கு 14,000 ரூபாய்ப் பரிசு என்று நான் எழுதிக் காட்டினேன். ஆச்சி மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"வர்ற வட்டியை அப்படியே குடுத்துட்டா அசல் அங்கேயே நிக்குமே. வெலவாசி நிக்குமா? ஒரு பங்கை அசலோட சேத்துட்டு மிச்சத்தைக் குடுங்க. இல்லாட்டி இருவது வருசத்துல ஒங்க பரிசு ஒரு சாப்பாட்டுக்குக் காணாது."

பெரிய மூலநிதி வைத்திருக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீதத்தை மட்டும் செலவுக்கு எடுத்துக்கொண்டு, மிச்ச வருமானத்தை அசலோடு விட்டுவைப்பது இதற்காகத்தான். ஒரு பயிற்சி வகுப்பில் இதை எங்களுக்கு ஒரு பகல் முழுக்கப் படம் போட்டு நடத்தினார்கள். ஆச்சி பணியாரக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே முடித்துவிட்டார். எங்கள் அலுவலகத்தில் எழுபதுகளில் சில ஆயிரம் ரூபாயில் தொடங்கிய தங்கப் பதக்கங்கள் இருக்கின்றன. அதன் வட்டியில் இன்று பதக்கம் வைக்கும் பெட்டிகூட வாங்க முடியாது. ஒவ்வொரு பட்டமளிப்பு விழாவிலும் முலாம் பூசியதைக் கொடுத்துவிட்டுச் சங்கடப்படுகிறோம்.

ஆச்சி பெட்டகத்தைத் திறந்து ரொக்கத்தை எடுத்தார். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், நன்கொடைக்குக் கிடைக்கும் 80ஜி வருமான வரிச் சலுகை கிடையாது என்றேன். "வரி கட்டுற அளவுக்கு வருமானம் இருந்தாத்தானே சலுகை" என்று சிரித்தாலும் காசோலையாகவே எழுதிக் கொடுத்தார். இது மூலநிதிக்கு என்று தனியாக ஒரு கடிதமும் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பின்னால் கணக்குத் தணிக்கையாளர் அதைச் சாதாரண வரவாக எடுத்துக்கொள்வார்.

மதியம் ஒரு மெஸ்ஸில் இலைச் சாப்பாடு 130, கோலா உருண்டை தனிக் காசு. பணியாரத்துக்கு மேல் அது தேவையில்லைதான்.

பிப்ரவரி 20, வியாழன் – விருதுநகர்

காலையில் கிளம்பி மேலூர் வழியாக மதுரை, அங்கிருந்து விருதுநகர். பிப்ரவரியிலேயே இந்த வெயில். பேருந்து நிலையத்தில் தண்ணீர்ப் பாட்டில் 20, பனங்கற்கண்டுப் பால் கேட்டேன், இல்லை.

பார்க்க வேண்டியவர் பருப்பு வியாபாரி; 1994 பி.காம். கடைக்குள் மூட்டைகளுக்கு நடுவே ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கடைப் பையன்கள் எல்லோரையும் போல நானும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவரும் என்னை மேடம் என்பதை விட்டு அக்கா என்றார். கலர் சோடா வந்தது. அப்புறம் கேள்விகள் வந்தன.

"2016-ல லைப்ரரிக்குன்னு வாங்குனீங்க. நான் பத்தாயிரம் குடுத்தேன். என்ன வாங்குனீங்கக்கா?"

அங்கிருந்தே அலுவலகத்துக்கு அழைத்தேன். அலுவலகம் நூலகத்தைக் கேட்கச் சொன்னது. நூலகம், பணம் தங்களுக்கு வரவில்லை, பொதுக் கணக்குக்குப் போயிருக்கும் என்றது. ஒலிபெருக்கியில் போடாமல் பேசியும் அண்ணாச்சி முழுவதையும் என் முகத்திலேயே படித்துவிட்டார்.

"எங்க ஊர்ல மகமைன்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. யாவாரத்துல மூட்டைக்கு இவ்வளவுன்னு ஒதுக்கிருவோம். யாரும் வந்து கெஞ்ச வேண்டாம். ஆனா வருசம் முடிஞ்சா கணக்கு வரணும். வரலேன்னா கூட்டத்துல எந்திரிச்சுக் கேப்போம், பெரிய மனுசன் சின்ன மனுசன் கெடையாது."

அந்த மகமையில் நடந்த பள்ளிதான் இங்குள்ள சத்திரிய வித்யாசாலை. காமராசர் படித்த பள்ளி. வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கியும் அதை நடத்தியிருக்கிறார்கள்: அடுப்பில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைக்க வேண்டும், ஆள் வந்து சேகரித்துப் போவார், விற்ற காசு பள்ளிக்கு. சிதம்பரமும் காரைக்குடியும் ஒருவர் மடியிலிருந்து எழுந்தவை. இந்த ஊர் வேறு மாதிரி. பிடி அரிசி போட்ட வீட்டுக்காரி அந்தப் பள்ளியைத் தன் பள்ளி என்று நினைத்திருப்பாள், பிள்ளை அங்கே படித்தாலும் படிக்காவிட்டாலும். எங்களுக்கு எது தேவை என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆனால் எங்கள் கூட்டங்களில் பேச்சு எப்போதும் பெரிய தலைகளைப் பிடிப்பது பற்றியே இருக்கும்.

சோடா தீரவில்லை, அதற்குள் அடுத்தது. அண்ணாச்சியின் தம்பி மகள் எங்களிடம் 2023-இல் முடித்தவள். ஜெர்மனியில் மேற்படிப்புக்கு, மதிப்பெண்கள் எல்லாம் சேர்ந்த டிரான்ஸ்கிரிப்ட் கேட்டு விண்ணப்பித்து இரண்டு மாதம் ஆகிறது. பணமும் கட்டியாயிற்று. "அவ அப்பன் ரெண்டு தடவை வந்து செக்‌ஷன் வாசல்ல நின்னுட்டுத் திரும்பிட்டான். ஒரு பேப்பருக்கு நாங்க அங்க அலையணும். நன்கொடைன்னா மட்டும் நீங்க வீட்டுக்கே வர்றீங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. பருப்பு விலை சொல்வது போலச் சொன்னார்.

தேர்வுப் பிரிவுக்கு அழைத்தேன். கண்காணிப்பாளர் விடுப்பு. அடுத்தவருக்கு அழைத்தேன், அந்தக் கோப்பு தன் மேசை இல்லை என்றார். கடைசியில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரையே பிடித்தேன். ஆறு மணிக்குப் பதில் வந்தது: டிரான்ஸ்கிரிப்ட் மூன்று வாரத்துக்கு முன்பே தயார், உறையில் ஒட்டி அலமாரியில் இருக்கிறது, யாரும் வந்து வாங்கவில்லை. தயார் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்வது யார் வேலை என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. மறுநாள் காலை விரைவு அஞ்சலில் போகும் என்று உறுதி வாங்கி வைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி நன்கொடை எதுவும் தரவில்லை. சாத்தூர்க் காராச்சேவு ஒரு கிலோ தந்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். "2016 கணக்கைக் கொண்டாங்க. அப்புறம் பேசுவோம்."

இரவு எண்ணெய்ப் பரோட்டா. எண்ணெயில் மிதக்க விட்டு மொறுமொறுப்பாக எடுக்கிறார்கள். இரண்டு பரோட்டாவும் மட்டன் சுக்காவும் 220 ரூபாய். சால்னாவை எவ்வளவு கேட்டாலும் ஊற்றுகிறார்கள். நாள் முழுக்க வாங்கிய பேச்சுக்கு அது வேண்டியிருந்தது.

பிப்ரவரி 21, வெள்ளி – கோயம்புத்தூர்

இரவுப் பேருந்தில் படம் போட்டார்கள். தாராபுரம் வரை வில்லன் சாகவில்லை. அதிகாலை நாலரைக்குச் சிங்காநல்லூரில் இறங்கினால் குளிர். லாட்ஜ்காரர், "அஞ்சு மணிக்கு முன்னாடின்னா நேத்து வாடகைல பாதி சேருமுங்க" என்றார். அரை மணி நேரம் பேருந்து நிலையத்திலேயே உட்கார்ந்து காராச்சேவு சாப்பிட்டுவிட்டு ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார்.

மாலையில் கோவைக் கிளைக் கூட்டம். வாட்ஸ்அப்பில் 60 பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். வந்தவர்கள் 11. சொன்ன எண்ணிக்கைக்கு ஓட்டலில் போண்டாவும் காபியும் வந்து குவிந்தன. மேடைப் பேச்சை விட்டுவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டோம். அது நல்லதாகப் போயிற்று. 80ஜி பற்றி நான் சொல்ல, மென்பொருள் வேலையில் இருக்கும் ஒருவர், "நாங்கெல்லாம் புது வரிமுறைக்கு மாறிட்டோமுங்க, அதுல 80ஜி கழிவே இல்லீங்களே" என்றார். உண்மை. மாதச் சம்பளக்காரர்களிடம் இனி வரிச் சலுகையைக் காட்டிக் கேட்பதில் அர்த்தமில்லை. எங்கள் கையேடு இன்னும் முதல் பக்கத்தில் அதைத்தான் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது.

கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் தனியாக வந்தார். பம்ப் உதிரி பாகத் தொழில். நாளையே 10 லட்சம் தருகிறேன் என்றார். அக்கா பையனுக்கு எம்.பி.ஏ. இடம் ஒன்று வேண்டும், அவ்வளவுதானாம். நன்கொடைக் கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1992-இலிருந்தே இருக்கிறது என்று நான் சொன்னதும், "சட்டம் எல்லாத்துக்கும் இருக்குதுங்க மேடம்" என்றார் மரியாதையாக. இந்த வகை 10 லட்சங்கள் நாட்டில் எத்தனை கட்டடங்களாக நிற்கின்றன என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பையனை நுழைவுத் தேர்வு எழுதச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். போகும்போது மிச்ச போண்டாவைத் தன் பட்டறைப் பையன்களுக்குக் கட்டி எடுத்துப் போனார். ஆள் கெட்டவர் இல்லை.

பீளமேடு வழியாகத் திரும்பும்போது பி.எஸ்.ஜி. கல்வி நிறுவனங்களின் கதையை ஓட்டுநரே சொன்னார். கோவையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கோவிந்தசாமி நாயுடுவின் மகன்கள் நால்வர் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது நாலாகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. 1926-இல் 2 லட்சத்துச் சொச்சம் ரூபாயோடு தொடங்கிய அறக்கட்டளை அது. பாகப்பிரிவினையில் ஐந்தாவது பிள்ளை போல ஒரு பங்கு. ஆண்டுக்கு ஆண்டு யாரும் கையேந்த வேண்டியதில்லை.

ரயிலுக்கு முன்னால் ரோட்டுக்கடைக் காளான், 40 ரூபாய். காளானைவிட முட்டைக்கோஸ் அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. இன்னொரு தட்டு வாங்கினேன்.

பிப்ரவரி 22, சனி – சென்னை

சேரன் எக்ஸ்பிரஸில் மேல் பர்த். கீழே ஒரு பெரியவர் சென்ட்ரல் வரும் வரை குறட்டை. இறங்கியதும் நியூஜெர்சியிலிருந்து அழைப்பு; அங்கே வெள்ளி இரவு. 1999 வகுப்புக்காரர், நல்ல தொகை அனுப்பத் தயார். அவருடைய அறைத் தோழர் துபாயில் இருக்கிறார், அவரும் தயார். துபாய்க்காரரிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருப்பதால் அவர் தன் சேமிப்பிலிருந்து நேரே அனுப்பலாம். நியூஜெர்சிக்காரர் அமெரிக்கக் குடிமகனாகிவிட்டார். கையில் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அவர் பணம் அயல்நாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. என்ற அயல்நாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும், பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் இருக்கும் கணக்குக்குத்தான் வர வேண்டும். ஒரே அறையில், ஒரே வாளியில் குளித்த இரண்டு பேர். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நான் வெளியாளாக்கா?" என்றார். சட்டத்துக்கு மட்டும்தான் தம்பி என்றேன்.

ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2023-24 நிதியாண்டில் 513 கோடி ரூபாய் திரட்டியது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணா சிவுகுலா என்ற பழைய மாணவர் ஒருவர் மட்டும் 228 கோடி கொடுத்தார். 1970-இல் அங்கே எம்.டெக். முடித்தவர். எங்கள் நிர்வாகக் கூட்டத்தில் இந்த எண்களை ஒவ்வொரு முறையும் யாராவது எடுத்துப் போட்டு, நம்மால் ஏன் முடியவில்லை என்று என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பணத்துக்குப் பின்னால் ஆண்டுக்கணக்காகத் தொடர்பை விடாமல் பேணிய தனி அலுவலகம் அங்கே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

மதியம் வரை வேலை இல்லாததால் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போனேன். அடையாள அட்டையைக் காட்டி, பையைச் சோதனைக்குக் கொடுத்துத்தான் உள்ளே போக முடியும். பாதுகாவலர் ரசீது புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "கோயில் வசூலாம்மா?" என்றார். புனித மரியாள் ஆலயத்துக்குள் குளிர்ச்சி. 1680-இல் திறந்த ஆலயம். அதே வருடம் இங்கே கல்யாணம் செய்துகொண்டவர் எலிஹு யேல். பிறகு 1687 முதல் 1692 வரை இந்தக் கோட்டையின் ஆளுநர். சொந்த வியாபாரத்தில் அளவுக்கு மீறிச் சம்பாதித்தார் என்ற புகாரில் பதவி போயிற்று. அப்படிச் சேர்த்த செல்வத்தோடு லண்டனில் இருந்தவருக்கு 1718-இல் பாஸ்டனிலிருந்து காட்டன் மேதர் என்ற பாதிரியார் கடிதம் எழுதினார்: கனெக்டிகட்டில் ஒரு சிறு கல்லூரிக்குக் கட்டடம் வேண்டும், உதவினால் உங்கள் பெயர் அதற்கு நிற்கும். ஒன்பது பொதிச் சரக்கு, 417 புத்தகங்கள், அரசர் முதலாம் ஜார்ஜின் படம் ஒன்று அனுப்பினார் யேல். சரக்கை விற்றதில் 562 பவுண்டு. அந்தக் காசுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பல்கலைக்கழகம் ஒன்று இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

எங்கள் தொழிலில் இதைவிட வெற்றிகரமான கடிதத்தை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் யேல் ஆட்சியில் இந்தக் கோட்டையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றினார்கள். 2024-இல் யேல் பல்கலைக்கழகம், அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது. கேட்டு வாங்குபவர் யாரிடம் வாங்குகிறார் என்பதற்கும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, சில சமயம் 300 வருடம் கழித்து. நேற்றைய 10 லட்சத்தை விட்டது பற்றி மனசில் கொஞ்சம் இருந்த குடைச்சல் அங்கே போய்விட்டது.

பிப்ரவரி 23, ஞாயிறு – சென்னை, அடையாறு

1990-களின் தொடக்கத்தில் எங்கள் பழைய பெண்கள் விடுதியில் இருந்தவர்கள், ஒருவர் வீட்டில் கூடினார்கள். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வந்தார்கள்: எலுமிச்சைச் சேவை, வத்தக்குழம்பு, மீன் வறுவல், பாசிப்பருப்புப் பாயசம். நான் காராச்சேவில் மிஞ்சியதை வைத்தேன். அதுதான் முதலில் காலியானது.

கையேட்டை எடுக்கவே இல்லை. விடுதி எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன். மூன்று மணி நேரம் நான் பேச வேண்டியிருக்கவில்லை. மழைக்காலத்தில் ஒழுகிய கிழக்கு வரிசை. மாதவிடாய் நாட்களில் துணியைக் காயப் போட இடமில்லாமல் கட்டில் கம்பியில் போட்டது. சாம்பாரில் பல்லி விழுந்த நாள் நடந்த உண்ணாவிரதம். வாசலில் இருந்த காவலாளித் தாத்தா, தாமதமாக வந்தவர்களை வார்டனுக்குத் தெரியாமல் உள்ளே விட்டது. அவர் பெயரை ஒரு அறைக்கு வைக்கலாமே என்றார் ஒருவர். எல்லோரும் உடனே சரி என்றார்கள்.

அப்புறம் வங்கியில் உயர் பதவியில் இருப்பவர் கேட்டார்: "இப்ப கேட் எத்தனை மணிக்கு மூடறீங்க?"

"ஆறரைக்கு."

"அதே ஆறரையா?" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல். "பசங்க ஹாஸ்டல்?"

"பத்து."

சிரித்தார்கள், கோபப்பட்டார்கள், இரண்டும் கலந்து கொஞ்ச நேரம் போயிற்று. நூலகம் எட்டு மணி வரை திறந்திருப்பதும், பெண்கள் அதில் கடைசி ஒன்றரை மணி நேரம் உட்கார முடியாததும் அவர்கள் காலத்திலும் அப்படித்தானாம். பாயசம் முடிவதற்குள் கணக்குப் போட்டுவிட்டார்கள். இவர்கள் குழு ஒரு முழு மாடியை ஏற்றுக்கொள்ளும், மூன்று தவணையில். வெந்நீருக்குச் சூரிய வெப்பச் சூடேற்றி, துணி உலர்த்தத் தனி மொட்டை மாடி, நாப்கின் எரிக்கும் இயந்திரம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செலவுக் கணக்கு. விடுதி வாசல் இரவு வரை திறந்திருக்கும் என்று தீர்மானம் போட்டு எழுத்தில் தர வேண்டும். தந்தால்தான் முதல் தவணை.

நன்கொடைக்கு நிபந்தனை போடலாமா என்று ஒருவர் தயங்கினார். கோவைக்காரரும் நிபந்தனைதான் போட்டார். அது அவர் வீட்டுப் பையனுக்கு. இவர்கள் கேட்பது முகம் தெரியாத பெண்களுக்கு. எனக்கு இதில் தயக்கமே இல்லை. கூட்டத்தில் எதிர்ப்பு வரும், வரட்டும்.

துணைவேந்தருக்கு அங்கிருந்தே எழுதினேன். வாசல் நேரத்தை முதல் வரியில் வைத்தேன், பணத்தை இரண்டாவதில். 2016 நூலகக் கணக்கையும் டிரான்ஸ்கிரிப்ட் தயாரானதும் குறுஞ்செய்தி போக வேண்டும் என்பதையும் அதற்குக் கீழே. "வாங்க, பேசலாம்" என்று ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. நாளைக் காலை திருச்சியில் அலுவலகம் திறந்ததும் போய்ப் பார்க்க வேண்டும்.

எழும்பூரில் ரயிலுக்கு உட்கார்ந்திருக்கிறேன். தயிர் சாதப் பொட்டலம் 50 ரூபாய், ஊறுகாய் வைக்க மறந்துவிட்டார்கள். அடையாறு குழுவில் செய்திகள் நிற்கவில்லை. எட்டரை போதும் என்று இரண்டு பேர், ஒன்பதுக்குக் குறையக் கூடாது என்று ஐந்து பேர். ஒருவர் மட்டும், பசங்களுக்குப் பத்து என்றால் நமக்கும் பத்துதான், இல்லாவிட்டால் என் பங்கு கிடையாது என்று பிடிவாதமாக இருக்கிறார்.